இண்டு இடுக்குக்கு என்ன போடுவது?

குளியலறைத் தரையை உடைத்தபோது முதலில் வந்தது நாற்றம்தான். டைல்ஸுக்கும் சிமெண்டுக்கும் கீழே ஓரடி ஆழத்துக்கு உடைந்த செங்கல்லும் மண்ணும் கிடந்தன. எந்தக் காலத்திலோ விரிசல் விட்ட குழாய் முழங்கையிலிருந்து கசிந்த தண்ணீரைக் குடித்துக் குடித்து அத்தனையும் ஊறிப் போயிருந்தது. மேஸ்திரி ஒரு துண்டை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினார். செங்கல் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. "இதை அள்ளிப் போட்டுட்டு, திரும்ப இதையேதான் சார் கொட்டணும். வேற என்னத்தப் போடறது?" என்றார்.

அவர் விடை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெருஞ்சி முள் மாதிரி ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் கையும் போகாத, பலகையும் போகாத வெற்றிடங்கள் எத்தனை இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். குளியலறைக்குக் கீழே பள்ளத் தளம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருட்டு. வாஸ்து பார்த்தவர் சொல்கேட்டு இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மூடிய மேற்கு ஜன்னல். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே நான்கு விரல் சந்து. இவற்றில் தெர்மோகோல் பலகையை வெட்டிச் செருக முடியாது. உதிரியாகக் கொட்டினால்தான் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரும். உதிரியாகக் கொட்டக்கூடிய வெப்பத் தடுப்புப் பொருள்கள் எவை, அவை பெங்களூருக்கு அருகே எங்கள் ஆனேக்கல் பக்கத்தில் எங்கே கிடைக்கும், எதை எங்கே போடலாம், எதை எங்கே போடவே கூடாது என்று தேடியதன் கணக்குதான் இந்தக் கட்டுரை.

குளிர் நாடுகளில் இதற்குக் கஷ்டமில்லை. காகிதக் கூழோ கண்ணாடிப் பஞ்சோ மூட்டையாகக் கடையில் இருக்கும். லாரியில் ஊதும் இயந்திரத்தோடு ஆள் வந்து, குழாயைப் பரணுக்குள் விட்டு, மத்தியானத்துக்குள் நிரப்பிவிட்டுப் போவார். அத்திப்பள்ளியிலிருந்து சந்தாபுரா வரை ஹார்டுவேர் கடைகளில் "உதிரி இன்சுலேஷன் இருக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவர் வயர் சுற்றும் டேப்பை எடுத்து நீட்டினார். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பெயரில் இங்கே சரக்கே இல்லை. ஆனால் சரக்கு இல்லாமல் இல்லை. அது வேறு வேறு பெயர்களில், வேறு வேறு தொழில்காரர்களிடம் தூங்கிக்கொண்டிருக்கிறது: நர்சரியில், கோழிப்பண்ணையில், பீன் பேக் கடையில், வார்ப்படப் பட்டறையில். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

பெங்களூரில் மின்விசிறியே வேண்டாம் என்று பெருமை பேசியவர்கள் உண்டு. 2016 ஏப்ரலில் அதே நகரத்தில் வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நமக்கு இரவுகள் குளிர்ந்துவிடுகின்றன. அந்த ஒரு சலுகையைக் கான்கிரீட் கூரை பறித்துவிடுகிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்திருப்பவர் தலைமேல் இறக்குகிறது. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டை ஆட்கள் குடியிருக்கும் ஷீட் கூரை அறைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெப்பத் தடுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கூரையைப் பற்றி முடிவெடுக்கிறவர் அங்கே குடியில்லை.

ஆனேக்கல் என்ற பெயருக்குக் கன்னடத்தில் ஆலங்கட்டி என்று பொருள் சொல்வார்கள். பொருத்தமாகவே, உதிரிப் பொருளைக் கொண்டு வெப்பத்தைத் தடுத்த கதையில் இந்தியாவில் மிகப் பெரியது ஒரு பனிக்கட்டிக் கதைதான். 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய டஸ்கனி என்ற கப்பல், ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனிக்கட்டியோடு கிளம்பியது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்தபோது கிட்டத்தட்ட 100 டன் மிச்சமிருந்தது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி வந்த பனிக்கட்டி அது! அந்த வணிகம் வளர்ந்தபோது அதைத் தாங்கியது பெரிய இயந்திரம் எதுவும் அல்ல. மரம் அறுக்கும் ஆலைகள் வேண்டாமென்று கொட்டிய தூள்தான். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், பின்னால் விவேகானந்தர் 1897இல் தங்கியதால் விவேகானந்தர் இல்லம் ஆன அதே கட்டடம், அந்தப் பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான். நம் ஊர்களில் ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றி மரத்தூளிலும் உமியிலும் புதைத்து வைத்த டீக்கடைக்காரருக்கும் இந்தச் சூத்திரம் தெரியும்.

இந்த வட்டாரத்திலேயே இன்னொரு பழைய சான்று உண்டு. பழைய மைசூர்ச் சீமையில் ராகியை நிலத்தடிக் குழியில் சேமிப்பார்கள். கன்னடத்தில் ஹகேவு என்பார்கள். மண்ணுக்கும் தானியத்துக்கும் நடுவே வைக்கோல் அடைத்து, வாயைக் கல்லால் மூடி மண் பூசிவிடுவார்கள். வைக்கோல் அங்கே ஈரத்தையும் சூட்டையும் தடுக்கிற வேலையைச் செய்தது. குழியைத் திறந்ததும் யாரும் உடனே இறங்க மாட்டார்கள். உள்ளே மூச்சு முட்டும் என்று தெரியும். மூடிய வெற்றிடத்துக்கு ஒரு மரியாதை கொடுத்த காலம்.

இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வெப்பத்தைத் தடுப்பது பொருள் அல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. நிலையான காற்றின் வெப்பக் கடத்தும் எண் ஏறத்தாழ 0.026. கான்கிரீட்டுக்கு 1.6, ஜிகணியில் அறுக்கிற கிரானைட்டுக்கு 2 முதல் 3 வரை. அப்படியானால் வெற்றிடத்தை வெறுமனே விட்டால் போதாதா, அதிலும் காற்றுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வெற்றிடத்துக் காற்று சும்மா நிற்பதில்லை. சூடான பக்கத்தில் ஏறி, குளிர்ந்த பக்கத்தில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே ராட்டினம் சுற்றுகிறது. போதாக்குறைக்கு ஒரு சுவர் எதிர்ச் சுவரைப் பார்த்து வெப்பத்தை வீசுகிறது. மூன்று அங்குலச் சுவர் இடைவெளி காலியாக இருந்தால் அதன் தடுப்புத் திறன் சுமார் 0.18. அதே இடைவெளியை 0.04 எண் உள்ள குருணையால் நிரப்பினால் 1.9 அளவுக்கு வரும். பத்து மடங்கு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல்லை நட்டுக்குத்தாக வைத்துச் சுவருக்குள் விடுகிற இடைவெளிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஆனால் அங்கே குறுக்குச் செங்கல் இரண்டு முகத்தையும் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு அந்தப் பாலத்தின் வழியே போய்விடும், முழுப் பலன் கிடைக்காது. ஹாலோ பிளாக் சுவரின் பொந்துகளை நிரப்புவதிலும் இதே குறை. நிரப்பினால் நல்லது. அதை நம்பி ஏசி வாங்காமல் இருந்துவிட வேண்டாம்.

கூரைக்கு ஒரு கணக்கு. ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் தனியாக இருந்தால் அதன் யு மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கடக்க விடும் அளவு, 3.3க்குப் பக்கத்தில் வரும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வீட்டுக் கூரைக்கு 1.2க்கு மேல் போகக் கூடாது என்றது. அந்த அளவுக்கு இறக்க, என் கணக்கில், தெர்மோகோல் என்றால் 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போதும். பொரித்த வெர்மிகுலைட் என்றால் 3.5 சென்டிமீட்டர், சுட்ட களிமண் உருண்டை என்றால் 5.5. நம் தாத்தா காலத்துச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையால் மட்டுமே அதைச் செய்ய வேண்டுமானால் ஒன்றேகால் அடிக்கு மேல் கொட்ட வேண்டும். ஒரு விஷயம்: அந்த விதி வந்ததே 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான். இங்கே எல்லாரும் கட்டுவது முப்பதுக்கு நாற்பது சைட்டில், 111 சதுர மீட்டர். நம்மை எந்தச் சட்டமும் கேட்காது. ஏப்ரல் மாதம்தான் கேட்கும்.

இனி சரக்குக்கு வருவோம்.

எனக்கு மிகவும் பிடித்துப் போனது வெர்மிகுலைட். அப்பிரகத்தின் சொந்தக்காரக் கனிமம். அடுக்கடுக்கான தகடுகளுக்கு நடுவே சிறிது நீர் சிறைப்பட்டிருக்கும். உலையில் திடீரென்று சூடேற்றினால் நீர் ஆவியாகி, தகடுகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். துணுக்கு பத்து மடங்குக்குப் பக்கத்தில் நீண்டு, தங்க நிறத்தில் துருத்தி மாதிரி விரியும். நெல்லைப் பொரியாக்குவது போலத்தான், நெல்லுக்குப் பதில் கல். எரியாது, மக்காது, எலிக்கும் கரையானுக்கும் இதில் தின்ன ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் இது கிடைக்கும் இடங்களில் முக்கியமானது திருப்பத்தூர் பக்கத்துச் சேவத்தூர். ஆனேக்கல்லிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இத்தனை அருகில் பூமிக்குள் கிடப்பதை நம் கட்டடக்காரர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பெங்களூரில் மொட்டை மாடித் தோட்டம் போடுகிற எல்லாருக்கும் தெரியும். கோகோபீட்டோடு கலந்து நாற்றுத் தட்டில் போடுவார்கள். நர்சரியில் கிலோக் கணக்கில் பாக்கெட் போட்டு விற்பதை வாங்கினால் கட்டுப்படியாகாது. தோட்டக்காரர்களுக்கு மொத்தமாகப் போடுகிறவரைப் பிடித்து, பெரிய மூட்டையாகக் கேட்க வேண்டும். வார்ப்படப் பட்டறைக்காரர்களும் உருக்கிய இரும்பின்மேல் சூடு போகாமல் இருக்க இதைத் தூவுகிறார்கள். அவர்கள் வாங்குகிற இடத்தில் விலை இன்னும் இறங்கும். வாங்கும்போது எடையைப் பார்க்காமல் கன அளவைக் கேளுங்கள். நமக்கு வேண்டியது நிரம்புவது, எடை அல்ல.

பெர்லைட் இதன் வெள்ளைத் தம்பி. எரிமலைக் கண்ணாடியை 900 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற்றிப் பொரிப்பது. 2021இல் ஆக்சிஜனுக்காக ஊரே தவித்தபோது மருத்துவமனை வளாகங்களில் நிமிர்ந்து நின்ற வெள்ளைத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மைனஸ் 183 டிகிரி திரவம் உள்ளே, வெயில் வெளியே. இரட்டைச் சுவருக்கு நடுவே காற்றை உறிஞ்சிவிட்டு, பெரும்பாலும் பெர்லைட் பொடியைத்தான் அடைத்திருப்பார்கள். வீட்டு இடுக்குக்கும் இது நல்லதுதான். கொட்டும்போது தூசி பறக்கும், சின்ன ஓட்டை இருந்தாலும் மாவு மாதிரி ஒழுகி வெளியே வந்துவிடும். ஸ்விட்ச் பெட்டி வழியாகச் சுவர் வெள்ளை மணலைக் கக்குகிற காட்சியை நான் பார்த்துவிட்டேன். அதனால்தான் வெர்மிகுலைட் பக்கம் சாய்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பலவீனம் தண்ணீர். தோட்டக்காரர்கள் இவற்றை விரும்புவதே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதற்காகத்தானே? செடிக்குக் குணமானது சுவருக்குக் குற்றம். இந்தப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். கசிவு இருக்கிற இடத்தில் இவற்றைப் போட்டால் ஊறின செங்கல்லுக்குப் பதிலாக ஊறின பொரி கிடைக்கும். கோகோபீட்டைப் பற்றியும் ஒருவர் யோசனை சொன்னார். திப்டூர் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதாம். தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீர் குடிக்கிற பொருளைச் சுவருக்குள் போடுவதை விடச் சும்மா இருக்கலாம்.

தெர்மோகோல் குருணை, அதாவது பீன் பேக்குக்குள் கொட்டும் வெள்ளைக் குண்டு, எல்லாவற்றையும் விட லேசு. 0.04 எண், தண்ணீர் குடிக்காது, விலையும் கையைக் கடிக்காது. பெரிய ஆலைகள் தெர்மோகோல் கட்டையை அறுக்கும்போது மிஞ்சுவதை அரைத்து விற்பதும் உண்டு. அதில் தூளும் கட்டியும் கலந்திருந்தாலும் பள்ளத்தை நிரப்ப அது போதும். ஆனால் மூன்று எச்சரிக்கைகள் மனதில் இருக்க வேண்டும். முதலாவது தீ. சாதாரணக் குருணை பற்றிக்கொண்டால் கரும்புகையோடு உருகி ஓடும். ஷீட் கூரைக்குக் கீழே மூட்டை மூட்டையாகக் கொட்டி, கீழே கேஸ் அடுப்பு எரிய விடுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இரண்டாவது வயர். தெர்மோகோலும் வயரின் பிவிசி உறையும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், உறையை வளையும்படி வைத்திருக்கிற எண்ணெய்ச் சத்தைத் தெர்மோகோல் இழுத்துக்கொள்ளும். குருணை இளகி ஒட்டும், உறை விறைத்து வெடிக்கும். வயர் குழாய்க்குள் ஓடினால் பயமில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் எத்தனை பேர் குழாய் போட்டு இழுக்கிறார்கள் என்பது எலக்ட்ரீஷியன் மனசாட்சிக்குத் தெரியும். மூன்றாவது சிரிக்க வைக்கும் ஒன்று: பள்ளத்தில் தண்ணீர் புகுந்தால் குருணை மிதக்கும்! காற்றடித்தால் தெரு முழுக்கப் பறக்கும். சிமெண்ட் பாலில் புரட்டிக் கொட்டினால் இந்த இரண்டு தொல்லையும் தீரும். வெப்பத் தடுப்பு கொஞ்சம் குறையும், ஆனால் கட்டியாக நிற்கும்.

சுட்ட களிமண் உருண்டை, ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தொட்டியில் போடும் அந்தச் செம்பழுப்புக் கோலிக்குண்டு, தடுப்பில் சுமார்தான், 0.1 பக்கத்தில். ஆனால் பாரம் தாங்கும், எரியாது, மக்காது. வலுவும் லேசும் ஒன்றாக வேண்டிய இடத்துக்கு அதுதான். ஏஏசி எனும் காற்றூட்டிய கான்கிரீட் கற்களின் உடைசல் எங்கே வீடு கட்டினாலும் குப்பையாகக் கிடக்கிறது. ஓசியில் கிடைக்கிற சுமாரான சரக்கு அது. ஆனால் தண்ணீர் குடிக்கும். ரயில் நிலக்கரியில் ஓடிய காலத்தில் மலிவாகக் கிடைத்த சிண்டரை, அதாவது எரிந்த நிலக்கரிக் கசடை, பழைய மேஸ்திரிகள் இப்போதும் புகழ்வார்கள். லேசுதான். ஆனால் நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் கந்தகம் ஈரம் பட்டால் இரும்புக் குழாயையும் கம்பியையும் அரிக்கும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

உமிக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்க வேண்டும். ஏனென்றால் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நெல் உமியின் தடுப்புத் திறன் தெர்மோகோலுக்கு அத்தனை பின்தங்கியதல்ல. கடத்தும் எண் 0.05 பக்கத்தில் நிற்கிறது. எரித்தால் சாம்பல் நிறைய மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதனால் மற்ற வைக்கோல், சருகு மாதிரி சீக்கிரம் மக்காது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிராய்லர் பண்ணைகளுக்குக் கோழிக்குப் படுக்கை போட லாரி லாரியாகப் போகிறது. ஆலைக்குப் போய்க் கேட்டால் கிடைக்கும். கன்னடத்தில் கேட்கும்போது ஒரு சின்ன ஜாக்கிரதை: ஹொட்டு என்றால் உமியும் வரும், மரத்தூளும் வரும். பத்தத ஹொட்டு என்று நெல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பண்ணையில் போட்டு அள்ளியதை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அது உரம்.

உமியில் எனக்குள்ள பயம் கரையானை விடத் தீதான். பழைய மரத்தூள் அடுப்பு நினைவிருக்கிறதா? நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றி மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே பற்ற வைத்தால், ஒரு வேளைச் சமையல் முழுக்கச் சுவாலையில்லாமல் கனன்றுகொண்டே இருக்கும். பொற்கொல்லர் உமி ஓட்டிலும் அதே கதை. காற்றைச் சிறைப்பிடிக்கிற அதே குணம்தான் தணலையும் சிறைப்பிடிக்கிறது. சுவருக்குள் ஒரு வயர் இணைப்பு சூடாகிப் பற்றினால் வெளியே சுவாலை வராது. புகை வாசம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் தேட வேண்டியிருக்கும். அமெரிக்காவில் பழைய செய்தித்தாளைக் கிழித்துச் சுவருக்குள் ஊதுகிறவர்கள் அதில் போரான் உப்புகளைக் கலந்துதான் ஊதுகிறார்கள். நம் நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் என்ற பெயரில் கிடைப்பதும் கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் அந்தக் குடும்பம்தான். தீயை மட்டுப்படுத்தும், கரையானுக்கும் விஷம். உமியை வெங்காரக் கரைசலில் நனைத்து, நன்றாகக் காய வைத்து, வயரே இல்லாத காய்ந்த இடத்தில் போடலாம். நான் போடவில்லை. மழைக்காலத்தில் பத்து மூட்டை உமியைக் காய வைக்க எனக்கு மாடி இல்லை.

இந்தத் தேடலில் என்னை உட்கார வைத்து யோசிக்கச் செய்தவை இரண்டு வெளிநாட்டு வரலாறுகள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற சுரங்க ஊர். 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போனது. 1963 முதல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் நடத்தியது. ஸோனோலைட் என்ற பெயரில் லட்சக்கணக்கான வீடுகளின் பரணில் கொட்டப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் வெர்மிகுலைட்டோடு ஆஸ்பெஸ்டாஸ் வகை இழையும் கலந்திருந்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2009இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் நிறுவனம் அங்கே பொது சுகாதார நெருக்கடி அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் நடந்தது இதைவிட நேரடியானது. மிஸ்டர் ஃப்ளஃபி என்று ஊரார் அழைத்த ஒரு ஒப்பந்தக்காரர் 1968 முதல் 1979 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளின் கூரைக்குள் சுத்தமான ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சையே ஊதிவிட்டார். ஒரு முறை அள்ளிச் சுத்தம் செய்தும் இழை சுவர் இடுக்குகளில் மிஞ்சியது. கடைசியில் 2014இல் அரசே அந்த வீடுகளை விலைக்கு வாங்கி இடிக்கத் தொடங்கியது.

உதிரிப் பொருளின் விபரீதமே இதுதான். உள்ளே போவது எளிது, வெளியே எடுப்பது நடவாத காரியம். எல்லா வெர்மிகுலைட்டும் லிபி சரக்கு அல்ல. ஆனாலும் எந்தச் சுரங்கம், ஆஸ்பெஸ்டாஸ் சோதனை அறிக்கை உண்டா என்று விற்பவரிடம் கேட்பது நம் உரிமை. நான் கேட்டபோது ஒருவர் கோபித்துக்கொண்டார், இன்னொருவர் மறுநாளே அறிக்கையை வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டாமவரிடம் வாங்கினேன். நம் ஊர்ச் சிமெண்ட் ஷீட் கூரைகள் பலவும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குக் கீழே சீலிங் தொங்கவிடுகிறேன் என்று ஷீட்டில் டிரில் போட்டால், தடுப்பு வருவதற்கு முன் தூசி மூக்குக்குள் வந்துவிடும்.

வயரைப் பற்றி இன்னும் ஒரு சொல். எந்தப் பொருளானாலும், எரியாத பொருளே ஆனாலும், மின் வயரை நாலா பக்கமும் மூடிவிட்டால் அதன் சூடு வெளியேற வழியில்லை. இங்கிலாந்தின் மின்கம்பி விதிகளில், அரை மீட்டருக்கு மேல் தடுப்புப் பொருளுக்குள் முழுக்கப் புதைந்த வயர் பாதி மின்னோட்டத்தைத்தான் தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். கீசருக்கும் ஏசிக்கும் போகிற வயரை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். சீலிங்கில் பதித்த எல்இடி விளக்கின் முதுகையும் மூடக் கூடாது.

இவ்வளவும் படித்துவிட்டுக் குளியலறைப் பள்ளத்துக்கு வந்தேன். எட்டடிக்கு ஐந்தடி, ஓரடி ஆழம்: 40 கன அடி. பழையபடி செங்கல்லும் மண்ணும் கொட்டினால் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம். களிமண் உருண்டை என்றால் நானூறு கிலோ, வெர்மிகுலைட் நூறு கிலோ, தெர்மோகோல் குருணை இருபது கிலோவுக்குள். கணக்குப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளத்துக்கு என்ன போடுவது என்பதே தப்பான கேள்வி என்று அதற்குள் புரிந்திருந்தது. குழாய் இருக்கிற இடம் இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் ஒழுகும். ஒழுகினால் தெரிய வேண்டும், தண்ணீர் வெளியேற வேண்டும். மேஸ்திரியிடம், "ஒண்ணும் போட வேண்டாம் மேஸ்திரி. நீர்க்காப்புப் பூசிட்டு, சின்னச் சின்னச் செங்கல் தூண் கட்டி, மேலே கடப்பாக் கல் பரப்பிடுங்க. அடியில வெளிய போற மாதிரி ஒரு குழாய் வைங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மூணு மாசம் சுத்தி அலைஞ்சு கடைசில காத்தையா சார் போடச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

வாங்கிய வெர்மிகுலைட் மேற்கு ஜன்னலுக்குப் போனது. நான்கடிச் சதுரம், ஆறு அங்குல இடைவெளி, வயர் இல்லை, குழாய் இல்லை, வெளிப் பூச்சு புதுசு. நூறு லிட்டர் மூட்டை மூன்று. மேஸ்திரி மேலே இரண்டு அங்குல ஓட்டை போட்டார். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிப் புனலாக்கி, முகத்தில் துண்டைக் கட்டச் சொன்னதும் கட்டிக்கொண்டு, பந்தியில் குழம்பு ஊற்றுகிற நிதானத்தோடு கொட்டினார். நடுநடுவே கரணையின் பிடியால் சுவரைத் தட்டிக் கேட்டார். டொம்மென்று இருந்த சத்தம் கீழிருந்து மேலாக மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் நிரம்பிவிட்டது என்று ஓட்டையை மூடப் போனவரை நான் தடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு சாண் இறங்கியிருந்தது. தட்டித் தட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றி, அதன் பிறகுதான் அடைத்தோம்.

மூன்றாவது மூட்டையில் கொஞ்சம் மீந்தது. "இது செடிக்கு நல்லதாமே சார்" என்று மேஸ்திரி அதை வண்டியின் முன்னால் வைத்துக் கட்டி, அவர் வீட்டம்மாவின் மல்லிகைத் தொட்டிகளுக்காகக் கொண்டுபோனார்.